பட்டறையும் பல்கலைக்கழகமும் – எல்லை கடந்த கூட்டாய்வு குறித்துச் சில சிந்தனைகள்

அரசின் கருவூலத்திலிருந்து ஆராய்ச்சிக்கென வழங்கப்படும் பணம் மக்கள் செலுத்திய வரிப்பணம். அப்பணத்தைக் கொண்டு நடைபெறும் ஆராய்ச்சியின் பயன் யாரைச் சென்றடைய வேண்டும்? ஆய்வேட்டை எழுதியவரையா? அவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தையா? அன்றி, அந்த ஆராய்ச்சியால் தம் தொழிலைச் செம்மைப்படுத்திக்கொள்ளக் கூடிய சிறு பட்டறைக்காரரையா? மூவர்க்கும் உரியதே என்று விடை கூறிவிடுதல் எளிது. மூவரையும் ஒரே பந்தியில் அமரச் செய்தலோ எளிதன்று. அதிலும் அவர்கள் வெவ்வேறு நாட்டினராய், வெவ்வேறு மொழியினராய் இருப்பின் அம்முயற்சி எத்துணைக் கடினமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஐரோப்பிய நாடுகள் கடந்த நாற்பது ஆண்டுகளாக இக்கடினமான பணியை ஒரு முறைமைக்கு உட்படுத்திச் செய்து வருகின்றன. அதன் நிறைகுறைகளை எண்ணிப் பார்ப்பதும், அதிலிருந்து நம் கல்லூரிகளும் நம் தொழில்முனைவோரும் கற்றுக்கொள்ள வேண்டியது யாது எனக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறையின் மலரில் அறிவியல் நிதியைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். அறிவு எந்த மொழியில் பேசப்படுகிறதோ அந்த மொழியறிந்தோர்க்கே அதன் பயன் முதலில் கிட்டுகிறது. ஆதலின் இஃது அறிவியலாரின் சிக்கல் மட்டுமன்று. மொழியாசிரியரின் சிக்கலும் ஆகும். இதனைக் கட்டுரையின் இறுதியில் விரித்துரைப்போம்.

சிறுதொழிலின் நிலை

முதற்கண் சிறுதொழில் என்பது யாது எனத் தெளிவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டில் வகுத்து 2005 முதல் நடைமுறைப்படுத்திய வரையறையின்படி, 250 பேருக்கும் குறைவான பணியாளரைக் கொண்டு, ஆண்டு விற்பனை 5 கோடி யூரோவுக்கு மிகாமலோ, மொத்தச் சொத்து மதிப்பு 4 கோடியே 30 இலட்சம் யூரோவுக்கு மிகாமலோ உள்ள நிறுவனம் சிறு, நடுத்தர நிறுவனம் எனப்படும். பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரிவது குறுநிறுவனம். ஐரோப்பாவிலுள்ள தொழில் நிறுவனங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இவ்வகையைச் சேர்ந்தவையே.

இத்தகைய நிறுவனத்தார் தம் தொழிலின் நுணுக்கங்களைக் கைவிரல் நுனியில் வைத்திருப்பர். எந்தப் பொருள் எந்த வெப்பத்தில் கெடும், எந்தச் சாயம் எத்தனை நாளில் வெளுக்கும் என்பவற்றையெல்லாம் பட்டறிவால் அறிந்திருப்பர். ஆயினும் ஏன் கெடுகிறது, ஏன் வெளுக்கிறது என்பதை ஆய்ந்தறிய அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. வேதியியலாரை மாதச் சம்பளத்தில் அமர்த்தப் பொருளும் இல்லை. மூன்றாண்டு ஆய்ந்தும் பயன் விளையாமற் போனால் அந்த இழப்பைத் தாங்கும் வலிமையும் இல்லை. மறுபுறம் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் உண்டு, அறிஞர் உண்டு, ஆனால் பட்டறையில் எந்தச் சிக்கல் உறுத்துகிறது என்பது அவர்தம் காதுக்கு எட்டுவதில்லை. இவ்விரு தரப்பாரையும் சந்தை தானாக ஒன்றுசேர்ப்பதில்லை. ஈண்டுத்தான் பொதுநிதியின் தேவை எழுகிறது.

கூட்டாஞ்சோறும் பொதுப்பந்தியும்

ஐரோப்பாவில் இம்முயற்சி இரு வழிகளில் வளர்ந்தது. முதல் வழி, 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சிச் சட்டகத் திட்டம். உறுப்பு நாடுகள் அளிக்கும் பணம் ஒரே கருவூலத்தில் சேர்ந்து, அங்கிருந்து போட்டி முறையில் வழங்கப்பெறுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் என வகுத்து வந்துள்ளனர். 2007 முதல் 2013 வரை நடந்த ஏழாம் திட்டத்தின் நிதி 5,000 கோடி யூரோவைக் கடந்தது. அடுத்து வந்த ஹொரைசன் 2020 என்னும் திட்டத்திற்கு ஏறத்தாழ 8,000 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. 2021 முதல் 2027 வரைக்குமான ஹொரைசன் ஐரோப்பா திட்டத்திற்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ 9,550 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. இத்திட்டங்களில் கூட்டாய்வுக்கு விண்ணப்பிப்போர் பொதுவாகக் குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனத்தாராக இருத்தல் வேண்டும் என்பது அடிப்படை விதி.

இரண்டாம் வழி யுரேகா. பிரான்சின் குடியரசுத் தலைவராயிருந்த மித்தரான் முன்மொழிய, 1985ஆம் ஆண்டில் 17 நாடுகளும் ஐரோப்பிய ஆணையமும் கூடி இதனைத் தோற்றுவித்தன. இதற்குப் பொதுக்கருவூலம் இல்லை. கூட்டாய்வில் ஈடுபடும் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் அதனதன் நாட்டரசே பணம் அளிக்கும். என்ன ஆராய்வது என்பதையும் மேலிருப்போர் வகுத்துரைப்பதில்லை. தொழில் நிறுவனங்களே முடிவு செய்யும்.

நம் நாட்டு வழக்கில் சொல்வதானால், சட்டகத் திட்டம் பொதுப்பந்தி, யுரேகா கூட்டாஞ்சோறு. பொதுப்பந்தியில் சமைப்பவர் ஒருவர், உண்பவர் பலர். கூட்டாஞ்சோற்றில் ஒருவர் அரிசியும் ஒருவர் பருப்பும் கொணர்ந்து சேர்ந்து சமைப்பர். முன்னதில் தகுதியே அளவுகோலாவதால் சிறந்த கருத்து எந்நாட்டினதாயினும் வெல்ல இயலும். பின்னதில் விதிகள் எளியவை. ஆனால் ஒரு நாட்டின் உலைமூடி காலியாக இருந்தால் மற்றவரும் காத்திருக்க நேரும். இரண்டும் தேவையே என்பது நம் கருத்து.

இவ்விரு வழிகளும் சந்திக்குமிடமாக அமைந்தது யூரோஸ்டார்ஸ் என்னும் திட்டம். நாடுகள் தத்தம் பணத்தை இட, அவற்றோடு ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பங்கைச் சேர்க்கும். 2014 முதல் 2020 வரையிலான காலத்திற்கு ஒன்றியம் இதற்கென 28 கோடியே 70 இலட்சம் யூரோ வரை அளிக்க இசைந்தது. இதன் விதிகளை நோக்கின் அவற்றுள் ஒரு நீதி இழையோடுவதைக் காணலாம். கூட்டின் தலைமை ஒரு சிறு நிறுவனத்திடமே இருத்தல் வேண்டும். செலவில் பாதிக்குக் குறையாத பங்கு சிறு நிறுவனங்களினுடையதாக இருத்தல் வேண்டும். 2014 முதல் 2020 வரையிலான அக்காலத்தில் எந்த ஒரு நாடோ நிறுவனமோ மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது என்றிருந்தது. ஆய்வு மூன்றாண்டுக்குள் முடிந்து, அதன் விளைபொருள் அடுத்த இரண்டாண்டுக்குள் சந்தைக்கு வருதல் வேண்டும். நோக்கம் போர் சாராததாக இருத்தல் வேண்டும். வலியவன் பெயருக்கு ஓர் எளியவனைச் சேர்த்துக்கொண்டு முழுப்பணத்தையும் தானே கொள்ளும் சூழ்ச்சிக்கு இவ்விதிகள் இடங்கொடா.

பட்டறையே முதலாளி

இத்திட்டங்களுள் நாம் மிகவும் மதிப்பது, ஏழாம் சட்டகத் திட்டத்தின் ஒரு பகுதியாய் விளங்கிய சிறு நிறுவனங்களின் நலனுக்கான ஆராய்ச்சி என்னும் பிரிவு. இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 133 கோடி யூரோ. மொத்த நிதியை நோக்க இஃது ஒரு சிறு துளியே. ஆயினும் இதன் அமைப்பு புதுமையானது. மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று சிறு நிறுவனங்களேனும் ஒன்றுகூடித் தம் பொதுச்சிக்கலை எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ அச்சிக்கலை ஆராய்ந்து தீர்வு காணும். அதற்குரிய கூலியைச் சிறு நிறுவனங்கள் பொதுநிதியின் துணைகொண்டு அளிக்கும். ஆராய்ச்சியின் விளைவும் உரிமையும், வேறு உடன்பாடு இல்லையெனில், சிறு நிறுவனங்களையே சேரும்.

வழக்கமாக அறிஞர் பெருமக்கள் தாம் விரும்பியதை ஆராய்ந்து முடித்தபின், இதனை எவரேனும் பயன்படுத்துவாரா எனத் தேடிப் புறப்படுவர். இங்கோ வினாவைப் பட்டறை எழுப்புகிறது. விடையைப் பல்கலைக்கழகம் தருகிறது. விடைக்குரிய உரிமை வினா எழுப்பியவனுக்கு வாய்க்கிறது. இதனால் பல்கலைக்கழகத்தின் மதிப்புக் குறைந்துவிடுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. நோயாளியின் நோவைக் கேட்டறிந்து மருந்து தரும் மருத்துவனின் மதிப்புக் குறைகிறதா என்ன?

நம் மார்க்கம் அறிந்தோர்க்கு இம்முறை புதிதாய்த் தோன்றாது. முளாரபா என்னும் வணிக முறையில் ஒருவர் முதலையும் மற்றொருவர் உழைப்பையும் இட்டு, ஊதியத்தை முன்னரே பேசிய வீதப்படி பகிர்ந்துகொள்வர். பணம் உடையவனும் திறன் உடையவனும் வேறுவேறாக இருக்கலாம், அவர்களை நேர்மையான உடன்படிக்கை ஒன்றுசேர்க்கும் என்பதே அதன் உட்பொருள். கூட்டாய்விலும் அறிவு ஒருவரிடம், தொழில் ஒருவரிடம், பொருள் அரசிடம். இம்மூன்றையும் பிணைப்பது முன்னரே எழுதப்பட்ட தெளிவான உடன்படிக்கையே.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. முற்காலத்தில் சிறு நிறுவனங்கள் முன்பணம் பெற வேண்டுமாயின் வங்கியின் பிணைப்பத்திரம் கேட்கப்படுவதுண்டு. பிணைக்குச் சொத்து இல்லாதவர் வாயிலிலேயே நின்றுவிட நேர்ந்தது. ஏழாம் திட்டத்தில் இதற்கு மாற்றாக ஒரு பொறுப்பு நிதியை அமைத்தனர். பங்கேற்கும் ஒவ்வொருவர்க்கும் உரிய நல்கையில் 5 விழுக்காடு அந்நிதியில் வைக்கப்பெறும். எவரேனும் நொடித்துப் போனால் அந்நிதி ஈடுசெய்யும்; ஆய்வு நல்லபடி முடிந்தால் வைத்த தொகை திரும்பக் கிடைக்கும். ஒருவர் இழப்பைப் பலர் தாங்கும் இம்முறையை நாம் தகாஃபுல் என்னும் பெயரால் நன்கறிவோம். அதே திட்டத்தில், ஆராய்ச்சிச் செலவில் பெருநிறுவனங்களுக்குப் பாதியையே அளித்த அரசு நிதி, பல்கலைக்கழகங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் 75 விழுக்காடு வரை அளித்தது. எளியோர்க்குத் தோள்கொடுத்தல் என்பது இதுவே.

குறைகளும் உள

நிறைகளை மட்டும் பேசுதல் நடுநிலையாகாது. ஹொரைசன் 2020 திட்டத்தில் வந்த விண்ணப்பங்களுள் ஏறத்தாழ 12 விழுக்காடே நிதி பெற்றன. அஃதாவது எட்டுப் பேர் முயன்றால் ஒருவருக்கே வெற்றி. ஒரு பெரிய பல்கலைக்கழகம் ஏழு முறை தோற்றாலும் எட்டாம் முறை முயலும். அதற்கென அலுவலகமும் ஆட்களும் அங்கே உண்டு. பன்னிரண்டு பேரைக் கொண்ட பட்டறையின் உரிமையாளர் ஒரே ஒரு முறை தோற்றாலும், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிடுவார். வெற்றி பெற்றாலும் விண்ணப்ப நாள் முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாக எட்டு மாதம் என்பதே அத்திட்டத்தின் குறிக்கோளாயிருந்தது. முன்னைய திட்டத்தில் அதனினும் நீண்டது. எட்டு மாதத்தில் சிறுதொழிலின் நிலை எவ்வளவோ மாறிவிடும்.

விண்ணப்பம் எழுதித் தருவதையே பிழைப்பாகக் கொண்ட ஆலோசனை நிறுவனங்கள் இதனால் பெருகின. எழுத்துத் திறனுக்குப் பரிசு கிடைக்க, தொழில் திறன் பின்னிருக்கைக்குத் தள்ளப்படும் நிலை தோன்றிற்று. பெரும்பாலான விண்ணப்பங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகள் 24 என்றாலும், போர்த்துகல்லின் சிற்றூரில் காலணி செய்பவருக்கோ போலந்தின் தச்சருக்கோ தம் சிக்கலைத் தம் தாய்மொழியில் விளக்கி வெற்றி பெறுதல் அரிதாகவே உள்ளது.

இக்குறைகளை நீக்க முயன்றபோது ஐரோப்பியர் எடுத்த ஒரு முடிவு நமக்கு உடன்பாடானதன்று. 2014இல் ஹொரைசன் 2020 தொடங்கியபோது, முன்சொன்ன சிறு நிறுவன நலனுக்கான கூட்டாய்வுப் பிரிவு தொடரவில்லை. அதனிடத்தில் ஒரு சிறு நிறுவனம் தனித்தே விண்ணப்பிக்கக் கூடிய புதிய நிதி முறை வந்தது. விரைந்து வளரக் கூடிய சில நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து ஊட்டி வளர்ப்பது அதன் நோக்கம். விரைவும் எளிமையும் அதனால் ஓரளவு விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று நாட்டுப் பட்டறைகள் ஒரே மேசையில் அமர்ந்து தம் பொதுச்சிக்கலைப் பேசும் வாய்ப்பு அங்கே சுருங்கிவிட்டது. ஒரு குதிரையைப் பந்தயத்திற்குப் பழக்குவது வேறு. ஊர்மாடுகள் அனைத்துக்கும் தண்ணீர்த்தொட்டி கட்டுவது வேறு. பொதுநிதியின் முதற்கடமை தண்ணீர்த்தொட்டி கட்டுவதே என்பது நம் துணிபு.

வணிகர்க்கு வரிப்பணத்தை வழங்குவது முறையா, அறிஞர்தம் சுதந்திரம் இதனால் கெடாதா என இரு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. முதல் தடைக்கு விடை: ஒரு வணிகருக்குக் கொடையாக வழங்கினால் அது முறையன்று, ஒரு தொழில் முழுவதையும் வாட்டும் சிக்கலைத் தீர்க்க வழங்கினால் அது பாலம் கட்டுவதற்கு ஒப்பாகும். இரண்டாம் தடைக்கு விடையை ஐரோப்பியரே செயலில் காட்டியுள்ளனர். 2007இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் என ஒன்றை நிறுவி, பயனை உடனே எதிர்பாராத அடிப்படை ஆராய்ச்சிக்குத் தனி நிதி ஒதுக்கினர். நிலவைப் பார்ப்பவர்க்கும் நிலத்தை உழுபவர்க்கும் தனித்தனிப் பங்கு இருக்குமாயின் பூசலுக்கு இடமில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இவையெல்லாம் ஐரோப்பியர் வீட்டுச் செய்தி, நமக்கென்ன எனக் கேட்பார் உளர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரையில் வாழும் நம் மக்களுக்கு இதற்குரிய விடை நன்கு தெரியும். நம் தோல் ஐரோப்பாவுக்குச் செல்கிறது. ஐரோப்பாவின் விதி நம் டேனரிக்கு வருகிறது.

1989இல் செருமனி, தோல் கெடாதிருக்கப் பயன்பட்டு வந்த பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளுக்குத் தடை விதித்தது. 1994இல் தீங்கு விளைக்கும் ஒருசார் அசோ சாயங்களுக்கும் அந்நாடு தடை விதித்தது. 2015 மே முதல், தோலைத் தொட்டு அணியும் தோற்பொருள்களில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. இத்தடைகள் மக்கள் நலங்கருதி எழுந்தவை. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அவற்றின் பின்னணியில் ஆண்டுக்கணக்கில் நடந்த ஆராய்ச்சி இருந்தது. அங்கே பேசப்பட்டது இங்குள்ள சிறு டேனரிக்காரரை எட்டியது, பெரும்பாலும் சரக்குத் திருப்பி அனுப்பப்படுமோ என்ற அச்சமாகவே.

ஆறாம் நிலைக் குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். பதனிடுவோர் பயன்படுத்துவது மூன்றாம் நிலைக் குரோமிய உப்பு. அது தீங்கு குறைந்தது. ஆயினும் தோலில் ஏற்றும் சிலவகைக் கொழுப்பெண்ணெய், வெப்பம், ஒளி, வறண்ட காற்று ஆகியவற்றின் காரணமாகப் பின்னர் அது ஆறாம் நிலைக்கு மாறக்கூடும். எந்த எண்ணெயால் மாறுகிறது, எதனைச் சேர்த்தால் தடுக்கலாம் என்பது இத்தாலியின் சிறு பட்டறைக்கும் போர்த்துகல்லின் சிறு பட்டறைக்கும் ஆம்பூரின் சிறு பட்டறைக்கும் பொதுவான வினா. மூவரும் தனித்தனியே தேடினால் மும்மடங்குச் செலவு. சேர்ந்து தேடினால் ஒரே செலவு. எல்லை கடந்த கூட்டாய்வின் தேவையை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

நம் பக்கத்துக் கடமையையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். பாலாற்றின் நீரும் நிலமும் கெட்டதை முன்னிட்டு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தபின்னும் உப்பு மிகுந்த நீரை என்ன செய்வது என்னும் வினா சிறு தொழிலரை வருத்திக்கொண்டே உள்ளது. தனி ஒருவர் தீர்க்கக் கூடிய சிக்கலா இது?

வழிகள் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. இந்தியாவும் ஐரோப்பியச் சமுதாயமும் அறிவியல் தொழில்நுட்பக் கூட்டுறவு உடன்படிக்கையை 2001இல் செய்துகொண்டன. ஏழாம் சட்டகத் திட்டத்தில் இந்திய நிறுவனங்கள் ஐரோப்பிய நிதியையே பெற்றுப் பங்கேற்க முடிந்தது. 2014க்குப் பின் விதி மாறிற்று; இந்திய நிறுவனங்கள் பங்கேற்கலாம், ஆனால் பொதுவாகத் தம் செலவுக்குத் தாமே வழிதேட வேண்டும் என்றாயிற்று. பொதுப்பந்தியில் நம் இலை கூட்டாஞ்சோற்று முறைக்கு மாறிற்று எனலாம். இந்திய அரசும் செருமானிய அரசும் சேர்ந்து 2010இல் நிறுவிய இந்தோ செருமானிய அறிவியல் தொழில்நுட்ப மையம், இரண்டும் இரண்டும் என்னும் முறையில் நல்கை வழங்கி வருகிறது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு தொழில் நிறுவனமும் சேரல் வேண்டும் என்பது அதன் பொருள். தொழில் நிறுவனம் சிறியதாகவே இருத்தல் வேண்டும் என அங்கே கட்டாயம் இல்லை. யூரோஸ்டார்ஸ் திட்டத்தைப் போன்று தலைமையைச் சிறு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒரு பிரிவை நம் அரசு இத்தகைய உடன்படிக்கைகளில் சேர்க்குமாறு வலியுறுத்தல் வேண்டும். 2020-21இல் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடே. பணம் குறைவாயிருக்குமிடத்தில் அது சேருமிடம் செம்மையாயிருத்தல் இன்னும் இன்றியமையாதது.

தோல் தந்த கல்லூரிகள்

நம் சமுதாயத்துக் கல்லூரிகளின் வரலாற்றைப் புரட்டுவோர் ஓர் உண்மையைக் காண்பர். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் திருச்சியில் எழுந்த ஜமால் முகமது கல்லூரி, 1965இல் மேல்விசாரத்தில் எழுந்த அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆகியவற்றின் பின்னே தோல் வணிகப் பெருமக்களின் கொடை நிற்கிறது. பட்டறை ஈட்டிய பொருள் பல்கலைக் கல்வியாக மலர்ந்தது. ஆலைக்குள் தோலை உலர்த்திய கைகளின் உழைப்பே நம் வகுப்பறைகளின் சுவர்களாயிற்று. பட்டறை கல்லூரிக்குத் தன் கடனைச் செலுத்திவிட்டது. கல்லூரி பட்டறைக்குச் செலுத்த வேண்டிய கடன் இன்னும் எஞ்சியுள்ளது என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

அக்கடனைச் செலுத்துவதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. 1948இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழிலோடு நெருங்கி நின்று ஆராய்ச்சி செய்து வருவது. அதன் இயக்குநராய் விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆய்வுக்கூடத்துக்கும் பதனிடும் தொழிலுக்கும் இடையேயிருந்த இடைவெளியைக் குறைக்க உழைத்தவர். அத்தகைய தேசிய நிறுவனத்தோடு நம் வேதியியல், விலங்கியல், வணிகவியல் துறைகள் கைகோத்து, ஊர்த் தொழிலரையும் உடன் சேர்த்துக்கொண்டால் எல்லை கடந்த கூட்டுக்கு விண்ணப்பிக்கும் தகுதி தானே வாய்க்கும்.

எல்லை கடந்த கூட்டாய்வு நம் மரபுக்கு அயலானதும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கலீஃபா மஃமூன் ஆட்சியில் பைத்துல் ஹிக்மா புகழ் பெற்று விளங்கியது. அக்காலத்துப் பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொணர்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். கிரேக்க அறிவும் பாரசீக அறிவும் இந்தியக் கணிதமும் அங்கே சந்தித்தன. ஆட்சியாளரும் செல்வரும் பொருள் தந்தனர், அறிஞர் உழைத்தனர், இனமும் சமயமும் தடையாய் நிற்கவில்லை. அவர்கள் முதலில் செய்தது மொழிபெயர்ப்பே என்பதை மாணவச் செல்வங்கள் உளங்கொள்ளல் வேண்டும்.

தமிழ்த்துறையின் பங்கு

இப்போது தொடக்கத்தில் விட்ட இடத்திற்கு மீள்வோம். கூட்டாய்வில் அறிஞரையும் தொழிலரையும் பிரிக்கும் மதில்களுள் உயர்ந்தது மொழியே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தலைமுறையின் அறிவு தமிழிலும் உருதுவிலும் உள்ளது. நல்கை அறிவிப்போ ஆங்கிலத்தில் வருகிறது. தொழிலர் சொல்வதை ஆய்வு மொழியிலும், ஆய்வாளர் கண்டதைத் தொழிலர் மொழியிலும் எடுத்துரைக்க வல்லவர் யார்? அதனை மொழித்துறையார் செய்யாது வேறு யார் செய்வது?

இதன்பொருட்டு மூன்று பணிகளை முன்மொழிகிறோம். முதலாவது, நம் மாணவர் விடுமுறைக் காலத்தில் அண்டைத் தொழிற்கூடங்களுக்குச் சென்று, தொழிற்சொற்களையும் தொழிலர் கூறும் சிக்கல்களையும் தொகுத்தல். இரண்டாவது, அரசும் அயல்நாடுகளும் வெளியிடும் கூட்டாய்வு அறிவிப்புகளின் சாரத்தை எளிய தமிழில், இயலுமிடத்து உருதுவிலும், எழுதிச் சிறுதொழிலரிடம் சேர்த்தல். மூன்றாவது, பொதுநிதியில் நடந்த எந்த ஆராய்ச்சியும் முடிந்தபின் அதன் பயனைத் தாய்மொழியில் பத்துப் பக்க அளவிலேனும் எழுதித் தருதல் வேண்டும் என்னும் விதியை நம் கல்லூரியளவிலேனும் ஏற்படுத்துதல். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கட்டடங்களுக்குக் கொடையளித்த உங்கள் கைகள் இனி கூட்டாய்வுக்கும் நீளட்டும். அரசு நல்கை கைக்கு வரும்வரை காத்திருக்க இயலாத சிறு தொழிலருக்கு வட்டியில்லாக் கடனுதவி செய்யும் ஒரு சிறு நிதியை அமைத்தாலும் போதும். பல கதவுகள் திறக்கும். போட்டியாளர் என ஒருவரையொருவர் ஐயுறும் பட்டறைக்காரர்களைப் பொதுச்சிக்கல் ஒன்றின் பொருட்டு ஒரே பாயில் அமரச் செய்யும் செல்வாக்கும் உங்களுக்கே உண்டு.

2020 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியா, 2024 சனவரி முதல் ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்துகொண்டது. வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போனவரும் கூட்டாய்வை விட்டுப் பிரிந்திருக்க இயலவில்லை. வல்லரசுகளுக்கே இந்நிலையெனில், சிறு பட்டறைகளையும் நடுத்தரக் கல்லூரிகளையும் உடைய நாம் தனித்து நின்று எதனைச் சாதிக்கப் போகிறோம்? விதி எழுதப்படும் மேசையில் நமக்கும் ஓர் இருக்கை வேண்டும். அவ்விருக்கையை எவரும் இரந்தார்க்கு ஈவதில்லை. ஆய்வுப் பங்காளியாய் உழைப்பையும் அறிவையும் கொணர்ந்தவர்க்கே அது கிட்டும். பட்டறை தன் சிக்கலை மறைக்காமல் கூறட்டும். கல்லூரி தன் அறிவை மறைக்காமல் வழங்கட்டும். அரசு இருவரையும் பிணைக்கும் நிதியை எளியோர் கைக்கு எட்டுமாறு வகுக்கட்டும். இம்மூன்றும் கூடும் நாள் விரைவில் வர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!